கன்னியாஸ்திரிகளுக்கு வராத புற்றுநோய்

2018 செப்டெம்பரில் அயர்லாந்தில் ஒரு விசாரணை அறிக்கை வெளியானது. எழுதியவர் கேப்ரியல் ஸ்காலி என்கிற பொதுச் சுகாதார மருத்துவர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்க அரசாங்கம் நடத்திய பரிசோதனைத் திட்டம், நோய் வந்த பெண்களிடம் எதைச் சொல்லாமல் விட்டது, ஏன் விட்டது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஒப்பந்தம், ஆய்வுகூடம், சுற்றுநிருபம் என்று பக்கம் பக்கமாகப் போகிற அந்த அறிக்கையில் சின்னதாய் ஒரு விஷயம் வருகிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்று, தங்களுக்குச் சொல்லப்பட்டதை ஸ்காலியிடம் சொல்லியிருந்தது. சொல்லப்பட்டது இதுதான்: கன்னியாஸ்திரிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராது.

அதுக்கு என்ன அர்த்தம் எண்டு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கட ஊரிலயும் அது விளங்கும்.

ஆனால் அந்த வசனம் வைத்தியர்களின் வாயில் திடீரென்று முளைத்ததில்லை. அதற்கு 176 வருட வரலாறு இருக்கிறது.

1842இல் இத்தாலியில் டொமெனிக்கோ ரிகோனி-ஸ்டேர்ன் என்கிற சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு கணக்குப் பார்த்தார். வெரோனா நகரத்தில் 1760 தொடக்கம் 1839 வரைக்குமான மரணப் பதிவுகளை எடுத்து, புற்றுநோயால் செத்தவர்கள் யார் யார் என்று பிரித்தார். கல்யாணம் முடித்த பெண்களையும் விதவைகளையும் விட கன்னியாஸ்திரிகளுக்குக் கருப்பைப் புற்றுநோய் குறைவாகவும், மார்பகப் புற்றுநோய் கூடுதலாகவும் இருப்பதுபோல் அவருக்குத் தெரிந்தது. கணினி இல்லை, புள்ளிவிபரவியல் என்கிற துறையே தவழ்ந்துகொண்டிருந்த காலம். அந்த அளவில் பெரிய வேலைதான். அதேநேரம் அவருடைய பதிவுகளில் கருப்பை உடலில் வரும் புற்றுநோயும் கழுத்தில் வரும் புற்றுநோயும் ஒன்றாகவே கிடந்தன. பின்னாளில் மேற்கோள் காட்டியவர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை. மருத்துவப் பாடநூல்களில் அது கைமாறிக் கைமாறிப் போய், "கன்னியாஸ்திரிகளுக்கு வராது" என்கிற சுருக்கமாக ஆனது.

அந்தக் கணக்கு கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்க நூற்றைம்பது வருடம் வரைக்கும் பிடித்தது. 1980களின் முதற்பாதியில் ஜேர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுசனும் அவருடைய குழுவும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டிகளுக்குள் எச்.பி.வி. வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளைக் கண்டுபிடித்தார்கள். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின்போது தொற்றுகிற வைரஸ் அது. தடிமன் மாதிரிச் சாதாரணமானதும்கூட. உடலுறவில் ஈடுபடுகிற ஆண்களிலும் பெண்களிலும் அனேகமானோருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் வந்துபோகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலரில் மட்டும் தங்கிவிடுகிறது. ஒரேயொரு துணையோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். ஆக, அந்த வைரஸை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க ஏலாது. இருந்தாலும் விஞ்ஞானம் "வைரஸ்" என்று சொன்னதைச் சமூகம் "நடத்தை" என்று மொழிபெயர்த்துக்கொண்டது. இந்த நோய் வந்த பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் குறைவாக இருந்ததற்கு இந்த மொழிபெயர்ப்பும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2008இல் இன்னொன்றும் நடந்தது. அந்த வருடம் செப்டெம்பரில்தான் அயர்லாந்து தன்னுடைய தேசியப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் சேர்விக்கல்செக். 25 வயதிலிருந்து 60 வயது வரையான பெண்களுக்கு ஸ்மியர் டெஸ்ட் இலவசம்.

ஸ்மியர் டெஸ்ட் என்றால் என்ன? கருப்பைக் கழுத்திலிருந்து மெல்லிய தூரிகையால் கொஞ்சம் கலங்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைப்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து அதைப் பார்ப்பார். ஜோர்ஜ் பப்பனிக்கொலாவ் என்கிற கிரேக்க மருத்துவர் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த முறை. 1943இல் அவரும் ஹேர்பேர்ட் ட்ரோட் என்பவரும் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். ஒரு தட்டில் ஆயிரக்கணக்கான கலங்கள் இருக்கும். அதில் மாறிப்போன ஒன்றிரண்டைக் கண்ணால் தேடிப் பிடிக்கவேண்டும். களைப்பு, அவசரம், மங்கலான சாயம் – எதுவும் பிழைக்கக் காரணமாகலாம். ஆயிரம் பெண்களை எடுத்தால் ஏறத்தாழ 20 பேரிடம் மாறிய கலங்கள் இருக்கும். பழைய ஸ்மியர் முறை அதில் 15 பேரைப் பிடிக்கும், ஐந்து பேரைத் தவறவிடும் என்பதுதான் அயர்லாந்துச் சுகாதார சேவையே தருகிற கணக்கு. திரும்பத் திரும்பச் சில வருடங்களுக்கு ஒருமுறை செய்யச் சொல்வது இதனால்தான். இந்த ஐந்து பேரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

திட்டம் தொடங்கியபோது அரசாங்கம் அந்தத் தட்டுகளை வாசிக்கிற வேலையை அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்குக் கொடுத்தது. மலிவு, வேகம். டேவிட் கிப்பன்ஸ் என்கிற நோயியல் நிபுணர் இது சரிவராது என்று எச்சரித்து, யாரும் காதில் போடாததால், ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். பத்து வருடம் கழித்துத்தான் அவருடைய பெயர் மறுபடி பேப்பரில் வந்தது. ஸ்காலி பின்னர் தோண்டிப் பார்த்தபோது, ஆறு ஆய்வுகூடங்கள் செய்ததாக நினைத்திருந்த வேலையை 16 ஆய்வுகூடங்கள் செய்திருந்தன. ஒப்பந்தம் எடுத்தவர்கள் வேறு இடங்களுக்குக் கைமாற்றியிருந்தது திட்டத்தை நடத்தியவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

விக்கி பீலன் என்கிற பெண் 2011இல் ஸ்மியர் செய்தார். பிரச்சினை இல்லை என்று முடிவு வந்தது. 2014இல் அவருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள்.

அவருக்கு நோய் வந்ததும், சேர்விக்கல்செக் அவருடைய பழைய தட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தது. நோய் வந்த பெண்கள் எல்லாருடைய பழைய தட்டுகளையும் தணிக்கை செய்வது திட்டத்தின் தர மேம்பாட்டுக்கான ஒரு நடைமுறை. நல்ல நடைமுறைதான். 2011இன் முடிவு பிழை என்று அந்தத் தணிக்கையில் தெரிந்தது. ஆனால் விக்கிக்கு அது 2017 செப்டெம்பரில்தான் சொல்லப்பட்டது. இரண்டு மாதம் கழித்து நோய் திரும்பியது. இந்தமுறை குணப்படுத்த ஏலாது என்றார்கள்.

அவர் வழக்குப் போட்டார். 2018 ஏப்ரல் 25ஆம் திகதி டப்ளின் மேல் நீதிமன்றத்தில் அமெரிக்க ஆய்வுகூடம், பொறுப்பை ஏற்காமலே, 25 இலட்சம் யூரோ கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இப்படியான சமரசங்களில் வாயைத் திறக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுக் கையெழுத்து வாங்குவது வழமை. அதில் கையெழுத்துப் போட விக்கி மறுத்துவிட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே வந்து கமராக்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்து நடந்த அத்தனையும் அந்த மறுப்பிலிருந்துதான் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், தங்கள் கோப்புக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாமலே மற்றப் பெண்கள் இருந்திருப்பார்கள்.

சில நாட்களுக்குள் எண்ணிக்கை வெளியே வந்தது. தணிக்கையில் முடிவு வேறாக வந்த பெண்கள் 209 பேர். பிறகு 221 ஆனது. அந்த 209 பேரில் 162 பேருக்குத் தணிக்கை பற்றி எதுவுமே சொல்லப்படவில்லை. 2016இல் வைத்தியர்களுக்குப் போன சுற்றுநிருபம் ஒன்று, யாருக்குச் சொல்வது என்பதை வைத்தியரே தீர்மானிக்கலாம் என்றும், பெண் இறந்துபோயிருந்தால் கோப்பில் குறித்துவைத்தால் போதும் என்றும் சொன்னது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் கோபம் வருகிற இடம் இதுதான். தட்டை வாசித்தவர் பிழைவிட்டதை விளங்கிக்கொள்ளலாம். செத்தவளின் கோப்பில் உண்மையை எழுதி, கோப்பை மூடி வைக்கச் சொன்னதை எப்படி விளங்கிக்கொள்வது?

இது நடந்த மாதத்தையும் பார்க்கவேண்டும். 2018 மே 25ஆம் திகதி அயர்லாந்தில் கருக்கலைப்புத் தடை பற்றிய சர்வஜன வாக்கெடுப்பு. கர்நாடகாவைச் சேர்ந்த பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர் 2012இல் கல்வே வைத்தியசாலையில், கரு தங்காது என்று தெரிந்தும் கலைக்க மறுக்கப்பட்டு, கிருமித்தொற்றால் இறந்ததிலிருந்து அந்த நாட்டுப் பெண்கள் வீதிக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். பிரச்சாரம் உச்சத்தில் நின்ற நேரத்தில் விக்கி கமராவுக்கு முன்னால் வந்தார். இரண்டும் வேறு வேறு விஷயம்தான். ஆனால் உன்ர உடம்பைப் பற்றி உன்னட்டக் கேட்காமல், உனக்குச் சொல்லாமல் முடிவெடுக்கிற பழக்கம் ஒண்டுதான். வாக்கெடுப்பில் 66 வீதமானோர் தடையை நீக்கச் சொன்னார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே சுகாதார சேவையின் தலைவர் பதவி விலகியிருந்தார்.

2018 ஜூலையில் விக்கி பீலன், லொரேன் வோல்ஷ், ஸ்டீபன் டீப் மூவரும் சேர்ந்து ஒரு ஆதரவுக் குழுவைத் தொடங்கினார்கள். பெயர் 221+. லொரேனும் இந்த நோயிலிருந்து தப்பியவர். பிள்ளை பெறுகிற வாய்ப்பை அது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஸ்டீபன் கோர்க் பக்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி ஐரீன் 35 வயதில், 2017 ஜூலையில் இறந்துவிட்டார். இரண்டு சின்னப் பெடியன்கள். ஐரீனின் இரண்டு ஸ்மியர்கள் பிழையாக வாசிக்கப்பட்டிருந்தன என்பது மனைவியைப் புதைத்து ஒன்பது, பத்து மாதம் கழித்துத்தான் ஸ்டீபனுக்குத் தெரியவந்தது. பெயரில் இருக்கிற அந்தக் கூட்டல் குறி இப்படியான குடும்பங்களையும் கணக்கில் எடுக்கிறது.

சரி, இப்படியொரு குழு என்னதான் செய்யும்? புற்றுநோய் ஆதரவு என்றதும் தலைமுடி, ரிப்பன், மாரத்தன் ஓட்டம்தான் பலருக்கு ஞாபகம் வரும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து மீண்டு வருகிற பெண்ணின் பிரச்சினைகள் பெரும்பாலும் வேறு. இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தால் சூலகங்கள் செயலிழந்து, முப்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுபோகலாம்: உடம்பு கொதிப்பு, நித்திரையின்மை, எலும்புத் தேய்வு. யோனி வறண்டு சுருங்கிவிடும். அதைத் தடுக்க ஒரு சின்னக் கருவியை மாதக்கணக்கில் வீட்டில் தானே பாவிக்கவேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத் தாதிக்கும் கூச்சம், கேட்க இவளுக்கும் கூச்சம். சிறுநீரும் மலமும் அடக்க ஏலாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் போகமுதல் கழிவறை எங்கே என்று யோசிக்கவேண்டும். நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால் கால் வீங்கும், சப்பாத்துப் போட ஏலாது. உடலுறவு வலிக்கும். புருஷன்மாரில் சிலர் விலகிப்போவார்கள், சிலர் என்ன கதைப்பதென்று தெரியாமல் பேசாமல் இருப்பார்கள். இதெல்லாம் சிகிச்சை "வெற்றி" அடைந்த பிறகு வருகிறவை. வைத்தியசாலைக் கணக்கில் இவள் குணமானவள்.

இவற்றைப் பற்றி, அதே கட்டத்தைத் தாண்டி வந்த இன்னொருத்தியோடு கதைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆய்வு ஒன்றும் தேவையில்லை. "கன்னியாஸ்திரிகளுக்கு வராது" என்கிற வசனத்தின் நிழலில் இருக்கிற நோயில், அந்த இன்னொருத்தியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பத்திரிகைச் செய்தியாக வந்த ஒரு இலக்கம் அயர்லாந்தில் 221 பேரையும் ஒருவருக்கொருவர் தெரியவைத்தது.

அரசாங்கமும் அவசரமாக ஒரு உதவித் தொகுப்பை அறிவித்தது. இந்தப் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் இலவச மருத்துவ அட்டை, உளவள ஆலோசனை, வைத்தியசாலைக்குப் போய்வரப் போக்குவரத்துச் செலவு, அந்த நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கான செலவு. பிள்ளைப் பராமரிப்பு என்பது சின்ன வரியாகத் தெரியும். ஆனால் கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் போகவேண்டிய ஒரு தாயைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வாள். தணிக்கை முடிவை மறைத்ததற்காகப் பின்னர் ஆளுக்கு 20,000 யூரோ தருவதாகவும் முடிவானது.

இங்கே எனக்கொரு நெருடல் இருக்கு. 221 பேருக்கு அட்டை கிடைத்தது. பட்டியலில் இல்லாத, அதே நோயோடு, அதே வீங்கிய காலோடு இருந்த மற்றப் பெண்ணுக்கு? அவளுடைய தட்டில் யாரும் பிழைவிடவில்லை என்பதால் அவளுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டாமா? பெம்ப்ரோலிசுமாப் என்கிற விலைகூடிய மருந்து விஷயத்திலும் இதே கேள்வி வந்தது. விக்கி போராடி அதைப் பெற்றார், அவருக்கு அது வேலைசெய்தது. முதலில் இந்தப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்ததை, வைத்தியர் பரிந்துரைத்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் உள்ள எல்லாப் பெண்களுக்கும் என்று அரசாங்கம் விரித்தது. மருந்தில் நடந்த அந்த விரிவு மற்ற உதவிகளில் அதே அளவுக்கு நடக்கவில்லை. பராமரிப்பு நஷ்டஈட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

இனி அந்த ஐந்து பேரிடம் திரும்பவேண்டும். 221 பேருடைய தட்டுகளும் கவலையீனமாக வாசிக்கப்பட்டவை என்று சொல்ல முடியாது. நோய் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு திரும்பப் பார்க்கிற கண், முதல்முறை பார்க்கிற கண்ணைவிடக் கூடுதலாகக் காணும். ஸ்காலியும் ஆய்வுகூடங்களின் தரம் ஏற்றுக்கொள்ள முடியாதது என்று சொல்லவில்லை. பிரித்தானிய மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்களின் ரோயல் கல்லூரி 1,034 பெண்களின் தட்டுகளைத் தனியாக மீளாய்வு செய்து 2019 டிசெம்பரில் அறிக்கை தந்தது. 308 பேருடையதில் முடிவு வேறாக இருந்தது. அதில் 159 பேரில் நோயைத் தடுக்கவோ முந்திப் பிடிக்கவோ கிடைத்த சந்தர்ப்பம் தவறிப்போயிருந்தது. திட்டம் நல்லாகத்தான் வேலைசெய்கிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. பேப்பர்களுக்கு இரண்டு உண்மையைத் தலைப்பில் போடத் தெரியாது.

"டெஸ்டே பொய், போகாதேங்கோ" என்று ஒரு அலை வந்திருந்தால் இன்னும் எத்தனை பெண்கள் செத்திருப்பார்கள். அது வராமல் பார்த்துக்கொண்டதில் இந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தன்னைக் கைவிட்ட அதே பரிசோதனைக்குப் போகச்சொல்லி விக்கி மேடைக்கு மேடை சொன்னார்.

தடுப்பூசி விஷயத்தில் லோரா பிரெனன் என்கிற இளம்பெண் இன்னும் ஒருபடி மேலே போனார். 2016இல் 24 வயதில் அவருக்கு இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அயர்லாந்தில் எச்.பி.வி. ஊசி பற்றிப் பயமுறுத்தும் கதைகள் பரவி, 87 வீதமாக இருந்த பாவனை 51 வீதத்துக்கு விழுந்திருந்தது. இலங்கையில் 2017இலிருந்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற அதே ஊசிதான். உங்களில் சிலருடைய தங்கச்சிமார் போட்டிருப்பினம், அதைப் பற்றி வீட்டில ஒரு வசனமும் கதைச்சிருக்க மாட்டினம். லோரா சுகாதார சேவைக்குத் தானே எழுதி, தன் முகத்தைப் பிரச்சாரத்துக்குக் கொடுத்தார். ஊசி போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான்தான் உதாரணம் என்று நின்ற பெண்ணுக்கு முன்னால் வட்ஸ்அப் வதந்தி தாக்குப்பிடிக்கவில்லை. 2019 மார்ச்சில் 26 வயதில் அவர் இறந்தபோது பாவனை 70 வீதத்தைத் தொட்டிருந்தது. முன்னர் ஊசியைத் தவறவிட்டவர்களுக்காக 2022 டிசெம்பரில் தொடங்கிய திட்டத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

எல்லாரும் இருந்து பார்க்கவில்லை. எம்மா விக் மஹூனா, ஐந்து பிள்ளைகளின் தாய், 2018 ஒக்டோபரில் 37 வயதில் போய்விட்டார். 2019 ஒக்டோபர் 22ஆம் திகதி பிரதமர் லியோ வரட்கர் பாராளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2020 மார்ச்சில் திட்டம் ஸ்மியரிலிருந்து எச்.பி.வி. பரிசோதனைக்கு மாறியது, முன்பு 15 பேரைப் பிடித்த இடத்தில் இது 18 பேரைப் பிடிக்கும். இன்னும் இரண்டு பேர் தவறுவார்கள்.

ஸ்காலியின் 50 பரிந்துரைகளில் பெரும்பாலானவை நிறைவேறின. லொரேனும் ஸ்டீபனும் அதைக் கண்காணிக்கிற குழுவில் உட்கார்ந்து, நிபுணர்களின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். கடைசிவரை இழுபட்டது ஒன்று: பாரதூரமான பிழை நடந்தால் நோயாளிக்குக் கட்டாயம் சொல்லவேண்டும் என்கிற சட்டம். விக்கி 2022 நவம்பர் 14ஆம் திகதி லிமெரிக்கில் 48 வயதில் இறந்தார். சட்டம் 2023 மேயில் கையெழுத்தானது, 2024 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. பரிசோதனைத் திட்டத்தில் இருந்தும் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு, தன் பழைய முடிவுகளை மீளாய்வு செய்யச் சொல்லிக் கேட்கிற உரிமை இருக்கிறது என்பதையும் அவளுக்குச் சொல்லியாகவேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது.